வீட்டில் பான் மீ: முதலில் ஊறுகாய், பிறகுதான் இறைச்சி

வியட்நாமின் ரொட்டி சாண்ட்விச்சான பான் மீக்கு உயிர் கொடுப்பது கேரட், வெள்ளை முள்ளங்கி ஊறுகாய்தான். இரண்டிலும் தலா 150 கிராம் எடுத்துத் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். ஒரு துண்டை வளைத்தால் ஒடியாமல் இரு முனையும் தொட வேண்டும். கழுவி, ஒட்டப் பிழியுங்கள். ஈரம் நின்றால் ரொட்டி நமத்துவிடும். அரை கப் வினிகர், அரை கப் வெந்நீர், 3 மேசைக்கரண்டி சர்க்கரை கலந்து ஆறவைத்து அதில் ஒரு மணி நேரம் ஊறட்டும்.

பன்றியின் தோள்பட்டைக் கறி அரை கிலோ, அரை செ.மீ. கனத் துண்டுகளாக. கொழுப்பை நீக்காதீர்கள். எலுமிச்சைப்புல் 2 தண்டின் வெள்ளைப் பகுதி, பூண்டு 4 பல், மீன் சாஸ் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகுத்தூள் சிறிது சேர்த்து 2 மணி நேரம் ஊறவிடுங்கள். புல்லைப் பொடிப்பொடியாக நறுக்காவிட்டால் வாயில் நாராகச் சிக்கும். இரும்புச் சட்டியில், நல்ல சூட்டில், நெருக்கி அடுக்காமல் வாட்டுங்கள். நெருக்கினால் கறி நீர்விட்டு வெந்துபோகும், ஓரம் கருகிச் சிவக்காது.

ரொட்டி மெல்லிய மேலோடும் பஞ்சு உள்ளும் கொண்டதாக இருக்கட்டும். பகெட் எனும் கெட்டியான பிரெஞ்சு நீள ரொட்டியைக் கடித்தால் உள்ளிருப்பதெல்லாம் பிதுங்கிவிடும். ரொட்டியை ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 4 நிமிடம் சூடாக்கி, மயோனைஸ் தடவி, கறி, ஊறுகாய், வெள்ளரி, கொத்தமல்லித்தழை, பச்சைமிளகாய் வைத்து உடனே சாப்பிடுங்கள்.