எட்டு வேறு, எட்டணா வேறு

நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். நோய் ஆதரவு சிகிச்சை என்று எங்கள் பையில் எழுதியிருக்கும், அதாவது குணமாக்க முடியாத நோயில் இருப்பவர்களின் வலியையும் கஷ்டத்தையும் குறைப்பது. ஊரில் 'வலி சிஸ்டர்' என்பார்கள். மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்கள்தான் எங்கள் வட்டம். பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

போன வருடம் ஒரு ஆத்தாவிடம், "ஒண்ணுமே வலிக்கலைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எவ்வளவு ஆத்தா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து மருமகள், "எட்டுன்னு போட்டுக்கங்க சிஸ்டர்" என்றார். எட்டு என்று எழுதினேன். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி முடித்துக் கிளம்பும்போது ஆத்தா என் கையைப் பிடித்து, "ராத்திரி பதினாறணா வலி தாயி. இப்ப ஒரு எட்டணா இருக்கும்" என்றார்.

அதாவது பாதி. பத்துக்கு ஐந்து. என் படிவத்தில் எட்டு இருக்கிறது. ஆத்தா சொன்ன வார்த்தையிலும் எட்டு இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அதைவிட, ராத்திரிதான் அவருக்குப் பதினாறணா என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நான் வருவது பகல் பதினோரு மணிக்கு, அதனால் பதினோரு மணி வலியைத்தான் இத்தனை வருடமாக எழுதிவந்திருக்கிறேன்.

அன்றிலிருந்துதான் எங்கள் குழுவில் ஆராய்ச்சி என்ற பேச்சே வந்தது. அதுவரை அது வெளியிலிருந்து வருவது. ஒரு கல்லூரியிலிருந்து பதினாலு பக்கக் கேள்வித்தாளுடன் வந்தார்கள், நாங்கள்தான் வீடு காட்டினோம், படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள், போனார்கள். என்ன தெரிந்தது என்று எங்களுக்கோ அந்த வீடுகளுக்கோ யாரும் வந்து சொல்லவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. கடைசி மாதங்களில் ஒருவர் நமக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரம் சாதாரண ஒரு மணி நேரம் இல்லை.

சிசிலி சாண்டர்ஸ் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். ஹாஸ்பிஸ் என்றால் கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். முதலில் நர்ஸ், அப்புறம் மருத்துவமனை சமூகப் பணியாளர், அதற்கும் அப்புறம்தான் டாக்டர். ஹாஸ்பிஸ் கட்டுவதற்கு முன்பே, இன்னொரு ஹாஸ்பிஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வலியையும் மருந்தையும் குறிப்பெடுத்து வைத்தார், அவர்கள் பேசியதை டேப்பில் பதிவு செய்தார். வலி வந்தபின் கேட்டால் கொடுப்பது என்றில்லாமல், நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுத்தால் வலி அடங்கும் என்பதை அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பேசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் அந்த ஆராய்ச்சி.

நம் ஊரிலும் முன்மாதிரி இருக்கிறது. முதுமை மறதி உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம் பேர், வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆய்வில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்று சொல்லி, 10/66 என்றே பெயர் வைத்துக்கொண்ட ஆய்வுக்குழு சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்தது. பள்ளிக்கூடம் போகாத பெரியவரிடம் 'இன்று என்ன தேதி' என்று கேட்டு, அவர் முழித்தால் மறதி நோய் என்று முடிவு கட்டக்கூடாது, கேள்வியையே மாற்ற வேண்டும் என்பதில் அவர்கள் உழைத்தார்கள். வலிக்கும் அதே நியாயம்தான்.

எங்கள் வேலை சின்னதுதான். வலி பற்றிய ஒரு ஆங்கிலக் கேள்வித்தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாவது ஆள் திரும்ப ஆங்கிலமாக்கி, எங்கே பிசகுகிறது என்று பார்த்து, அதன் பிறகு பெரியவர்களிடமே படித்துக் காட்டிக் கேட்டோம். 'மிதமான வலி' என்று போட்டிருந்தோம். ஒரு பெரியவர், "மிதமான சுடுதண்ணி தெரியும், மிதமான வலின்னா?" என்றார். அதை எடுத்துவிட்டுத் 'தாங்கிக்கிற வலி' என்று வைத்தோம். அப்புறம் வார்த்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தோம்: குடைச்சல், உளைச்சல், கடுப்பு, காந்தல், சுருக்சுருக்கென்று குத்துவது. இது அழகுக்காக இல்லை. காந்துகிறது, எரிகிறது என்றால் நரம்பு வலியாக இருக்கலாம், மருந்தே மாறும். எங்கள் படிவத்தில் இவை எல்லாமே 'வலி' என்ற ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடந்தன.

பேச்சே இல்லாதவர்களிடம் இன்னும் கஷ்டம். அதற்கு பெய்னாட் என்று ஒரு அளவுகோல் உண்டு. மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்துக்கும் இரண்டு வரை மதிப்பெண், மொத்தம் பத்து. நல்ல அளவுகோல்தான். ஆனால் எங்கள் பாட்டி ஒருவர் நாள் முழுக்க "முருகா, முருகா" என்கிறார். அது பக்தியா, வலியா, வாய்ப்பழக்கமா? திருப்பிப் படுக்கவைக்கும்போது மட்டும் அது வேகமாகிறது என்று கவனித்தது எங்கள் குழுவிலேயே வயதில் சின்னப் பெண். அது ஒரு ஆராய்ச்சிக் கேள்வி என்று நாங்கள் சொன்னபோது அவள் நம்பவில்லை.

சம்மதம் கேட்பதில் ஒரு தப்பு செய்தேன். புண் கழுவுகிற நானே போய், "ஒரு ஆய்வு செய்யறோம், கலந்துக்கிறீங்களா" என்று கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். "நீ கேட்டு மாட்டேன்னு சொல்வேனா தாயி?" என்று ஒருவர் சொன்னபோதுதான் உறைத்தது. அது சம்மதம் இல்லை, பாசம். அவர் மறுக்க வழியே இல்லாமல் செய்திருக்கிறேன். இப்போது சம்மதம் கேட்க வேறு ஆள் போகிறார், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறார். எங்கள் திட்டத்தைப் பார்த்த நெறிமுறைக் குழு, 'பலர் பாதியில் விலகுவார்கள்போலத் தெரிகிறதே' என்று எழுதியது. அவர்கள் விலகவில்லை, இறந்துபோகிறார்கள். இந்தத் துறையில் அதைக் குறையாகப் பார்க்காமல் முதல் நாளே கணக்கில் எடுத்துத்தான் ஆய்வைத் திட்டமிட வேண்டும்.

இப்படி வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் உருவாக வேண்டும் என்றால் பணத்தைவிட முதலில் நேரம் வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வருடப் பணத்தில் ஒரு ஆய்வு உதவியாளரை வைப்பார்கள், பணம் முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போவார், கற்றுக்கொண்டதும் அவரோடு போய்விடும். எங்கள் மேலாளரிடம் சண்டை போட்டு வாங்கியது ஒன்றே ஒன்று: செவ்வாய்க்கிழமை மதியம் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம், உட்கார்ந்து குறிப்புகளைப் படிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதிலிருந்து எத்தனை நர்ஸ்கள், பிசியோதெரபிஸ்ட்கள் இப்படி வீடு வீடாகப் போகிறார்கள்! அவர்கள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் அரை நாள் இப்படிக் கிடைத்தால் எவ்வளவு தெரியவரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஆத்தா பொங்கலுக்கு முன் போய்விட்டார். அவர் சொன்னதைக் கேட்டு ராத்திரி மருந்தின் நேரத்தை டாக்டர் மாற்றிக் கொடுத்தார், கடைசி வாரங்களில் தூங்கினார். புதிய படிவத்தில் ராத்திரிக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அணாவிலும் எழுதலாம். இப்போது எங்களிடம் இல்லாதது புள்ளியியல் தெரிந்த ஒருவர். மதுரைப் பக்கம் இருந்து, செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் எங்களோடு உட்கார முடிகிறவர்கள் கீழே எழுதுங்கள். முதலில் ஒரு நாள் எங்களோடு வீடுகளுக்கு வாருங்கள், அப்புறம் கணக்கைப் பார்க்கலாம்.