கத்தரித்த மாத்திரை அட்டை

ஏற்காட்டில் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்துவிட்டு அம்மாப்பேட்டை திரும்பிய அம்மா, நான்காம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர், கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிரஷர் பார்க்கும் கருவி 94/58 என்று காட்டியது. உயர் ரத்த அழுத்தத்துக்குப் பத்து ஆண்டுகளாக மருந்து சாப்பிடுபவருக்கு இப்படி இறங்கக் காரணம் என்னவென்று புரியாமல் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்தேன்.

உள்ளே கத்தரியால் நறுக்கிய இரண்டு அட்டைகள் இருந்தன. நிறம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. ஒன்றில் மருந்தின் பெயர் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. காலாவதித் தேதி இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தபோதுதான் இரண்டுமே டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் என்ற பிரஷர் மருந்து என்பது தெரிந்தது. கையிருப்பு தீர்ந்ததால் ஏற்காட்டு மருத்துவர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருக்கிறார். ஊர் திரும்பி வழக்கமான மாத்திரையையும் வாங்கிக்கொண்ட அம்மாவோ, “இது மலை டாக்டர் கொடுத்தது, அது நம்ம டாக்டர் கொடுத்தது” என்று இரண்டையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

எங்கள் மருத்துவரை உடனே தொலைபேசியில் அழைத்தோம். அன்று மேற்கொண்டு மாத்திரை வேண்டாம் என்றவர், நேரில் வரவழைத்துப் பார்த்தார். இந்த மருந்து சிறுநீரகத்தையும் ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினுக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கிறேன் என்று நான் வாங்கி வைத்திருந்த சோடியம் குறைந்த உப்பையும் நிறுத்தச் சொன்னார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது என்பதை நான் கவனித்ததே இல்லை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்துக்குச் சுமையாகும் என்பதால், எதை வாங்கினாலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றார்.

பயந்துபோய் மருந்தையே விட்டுவிடக் கூடாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். ரத்த அழுத்தம் சரியாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை நம் வீடுகளில் ஏற்றுக்கொள்ள வைப்பது கடினம். அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரை போகலாம். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடும் எங்கள் சித்திக்குக் கணுக்கால் வீங்கியபோதும் அவர் தாமாக நிறுத்தவில்லை. மருத்துவரிடம் காட்டி வேறு மருந்துக்கு மாறினார். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடுவதும் தவறு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கூடவே தனியார் மருத்துவரிடமும் வாங்குவோர் எங்கள் தெருவில் உண்டு. அவர்கள் இரண்டு அட்டைகளையும் ஒருவரிடமே காட்டிக் கேட்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மருந்துக் கடையில் முழு அட்டையாகவே வாங்குகிறேன். அட்டையில் இருக்கும் ஆங்கிலம் அம்மாவுக்குப் படிக்க வராது என்பதால், “பிரஷர், காலை, ஒன்று மட்டும்” என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது புடவைகளுக்கு முன்பாக அந்த அட்டையைத்தான் அவர் பையில் வைக்கிறார்.