அந்த ஃபைனல் எந்தப் பக்கம்?

"அண்ணே, அந்தக் கோல் நான் போட்டது இல்ல. அன்னைக்கு நான் கடல்ல கெடந்தேன்."

அவர் இதைச் சொன்னபோது, சுவரில் லேமினேட் செய்து மாட்டியிருந்த பத்திரிகைக் கட்டிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வரி. என் பெயர் அதில் இல்லை, ஆனால் ஆறு வரியும் நான் எழுதியவை.

நடந்தது இதுதான். ஃபைனல் தாமதமாகத் தொடங்கியது. பக்கம் முடிக்கும் நேரம் நெருங்க, பாதி ஆட்டத்திலேயே வண்டியை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். மீதியைப் போனில் கேட்டேன். கோல் போட்டவர் பெயரைச் சொன்னார்கள். தூத்தூர், இரவிபுத்தன்துறை மாதிரி குமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள் பக்கம் ஒரே டீமில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் ஆளைப் பிரித்துக் காட்டும். அந்த எழுத்தை நான் கேட்கவில்லை. கையிலிருந்த பழைய பட்டியலைப் பார்த்துப் போட்டுவிட்டேன்.

மறுநாளே சந்தேகம் வந்தது. பிழைதிருத்தம் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். உள்ளூர் கால்பந்துக்கு யார் திருத்தம் போடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருவேளை போட்டிருப்பார்கள். கேட்டால்தானே தெரியும்.

பல வருடம் கழித்து, வேலையை விட்டுவிட்டு, கடற்கரைக் கால்பந்து பற்றிப் புத்தகம் எழுதத்தான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த ஊர்களிலிருந்து ஒரு மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போனதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்துவிட்டுக் கரையேறிய மறுநாள் பூட்ஸ் மாட்டுகிறவர்களை யாரும் எழுதவில்லை. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு சில டீம் போட்டோக்களில் யார் யார் இப்போது இல்லை என்று விரல் வைத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்தபின் ஆறு வரியில் எழுதிப் பழகிய கை கூசியது. முன்னுரையில் 'பத்திரிகையில் விட்டுப்போனதெல்லாம் இதில் இருக்கிறது' என்று எழுதினேன். கொஞ்சம் திமிர்தான்.

கட்டிங் வீட்டுக்காரர் கடைசியாக ஒன்று கேட்டார். "எனக்க பிள்ளைக அது நான்னுதான் நினைச்சிருக்குவ. புக்குல மாத்தாண்டாம்ணே."

சரி, உண்மையில் கோல் போட்டவரையும் தேடிப் பிடித்தேன். துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "போட்டும்ணே. போட்டது யாருன்னு எனக்குத் தெரியும்லா." அந்தச் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது.

புத்தகத்தில் பெயரே போடவில்லை. 'கடைசி நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து வந்த பந்தை ஒருவர் தலையால் முட்டினார்.' பொய் இல்லை. யாரையும் நோகடிக்கவும் இல்லை. வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போகிறவனுக்குச் சான்றிதழ்தான் கணக்கு. என் ஆறு வரியால் யார் பிழைப்பும் கெட்டிருக்காது. இப்படி எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லியாயிற்று. ஆனால் அன்றைக்கு முதல் எழுத்தைக் கேட்காமல் விட்டவனும், பிறகு அந்த 'ஒருவர்' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தவனும் ஒரே ஆள்தான் என்பது அவ்வப்போது உறைக்கிறது. முதலாவதுக்கு நேரமில்லை என்றாவது சொல்லலாம். புத்தகத்துக்கு மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன்.

வெளியீட்டு நாளில் அவரும் வந்திருந்தார், வலை பிரித்தவர். புத்தகத்தைக் கையில் எடுத்து, "அந்த ஃபைனல் எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார். நானே புரட்டிக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அரைப் பக்கம்தான், ஆனால் நெடுநேரம் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க."

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார். உங்களுக்கு எதற்குக் காசு, சும்மா கொண்டுபோங்கள் என்றேன்.

"இல்லண்ணே, வாங்குங்க" என்று நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.