ஒன்பது ஆட்ட முன்னிலை கரைந்த செப்டம்பர்

2011 செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்க பேஸ்பால் தொடரில் டாம்பா பே ரேஸ் அணியைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னிலையில் இருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ், அம்மாதத்தில் ஏழே ஆட்டங்களில் வென்று இருபதில் தோற்றதால், பிரிவில் முதலிடம் பெறாத சிறந்த அணிக்கு அடுத்த சுற்றில் கிடைக்கும் வைல்ட் கார்ட் இடத்துக்கான போட்டி கடைசி நாளான 28ஆம் தேதிவரை நீண்டது. அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது. பால்டிமோரில், வழக்கமாக ஆட்டம் முடியும் ஒன்பதாவது இன்னிங்ஸில், பாஸ்டனின் வெற்றிக்கு ஒரே ஓர் அவுட் மட்டும் தேவைப்பட்ட நிலையில், பால்டிமோர் வீரர் நோலன் ரைமோல்டின் அடி ஆட்டத்தைச் சமனாக்கியது; அடுத்து அவரது அணியின் ராபர்ட் ஆண்டினோ அடித்த பந்து, சறுக்கியபடி வந்த பாஸ்டன் வீரர் கார்ல் க்ராஃபர்டின் கையுறையில் பட்டு நழுவ, பாஸ்டன் தோற்றது. சில நிமிடங்களிலேயே, நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் 0–7 எனப் பின்தங்கி மீண்டெழுந்திருந்த டாம்பாவுக்காக, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் இவான் லாங்கோரியா அடித்த பந்து இடப்பக்க மூலையிலிருந்த தாழ்வான சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாக விழுந்தது; டாம்பா வென்று வைல்ட் கார்ட் இடத்தைப் பிடித்தது.