அம்மாயிக்கு ஒரு ஒட்டுத்துணிப் போர்வை

மார்ச்சில் தொடங்கிய போர்வைக்கு இப்போது ஓரத்தைச் சுற்றி வரும் கரைப்பட்டி தைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பக்கத்தில் இரண்டு முடிந்தது. இங்கே இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில், இரவுக் குளிர் இறங்க ஆரம்பித்துவிட்டது. தைப்பொங்கலுக்கு முன் அம்மாயி, என் அம்மாவின் அம்மா, இதைப் போர்த்திக்கொள்ள வேண்டும்.

அம்மாயியிடம் இருப்பது ஒரு பழைய கம்பளி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் மழைக்குத் தலையில் போட்டதும், கூடைக் கயிறு அறுக்காமல் மடித்து வைத்ததும் கம்பளிதான் என்பார். அதனால் அதை விட மனமில்லை. ஆனால் இந்த வயதில் அதன் கனம் அவருக்கு ஆகவில்லை, மே மாதம் மழை பிடித்தால் துவைக்கவும் வழியில்லை. சூடு வேண்டும், இலேசாக இருக்க வேண்டும், மழைக்காலத்திலும் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், கட்டிய கொடியில் காய வேண்டும். இதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தேன்.

ஹட்டனில் நான் வேலை செய்யும் தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை இரண்டு வருடமாக ஓர் உரச்சாக்கில் சேர்த்திருந்தேன். அதோடு வீட்டில் கிடந்த பழைய சாரம் (கைலி), நைட்டி, தம்பியின் வெள்ளைச் சீருடைத் துணி. முதலில் பருத்தியையும் பொலியெஸ்டரையும் பிரித்தேன். சந்தேகமான துணியில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். இரண்டையும் கலந்து தைத்தால் அயன் சூடு ஒன்றுக்குப் போதாது, மற்றதைச் சுருக்கிவிடும். சாக்கில் பாதி அப்படிக் கழிந்தது.

எல்லாவற்றையும் தைப்பதற்கு முன்பே துவைத்துவிட வேண்டும். நான் துவைத்தேன், ஆனால் சிவப்பு பொப்லினைத் தனியாக ஊறவைக்கவில்லை. சீருடைத் துணியில் ஐந்தாறு துண்டுக்கு இளஞ்சிவப்பு ஏறிவிட்டது. மனது கேட்கவில்லை, அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

சதுரம் 5 அங்குலம். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16, மொத்தம் 192. காலண்டர் அட்டையில் அச்சு வெட்டினேன். முப்பது நாற்பது துண்டு வரைந்ததும் அட்டையின் ஓரம் தேய்ந்து அளவு மாறத் தொடங்கியது. அப்புறம் பிளாஸ்டிக் பைல் மட்டையில் புதிதாக வெட்டிக்கொண்டேன். துணியின் நூலோட்டத்துக்கு நேராகத்தான் வைத்து வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டிய சதுரம் கையில் எடுத்தாலே இழுபடும்.

பெரிய பாடம் முதல் வரிசையில். இந்த வேலைக்குத் தையல் விளிம்பு, அதாவது தையலுக்கு வெளியே விடும் துணி, கால் அங்குலம் விட வேண்டும். சட்டை தைத்துப் பழகிய கை, தன் பாட்டில் முக்கால் விரல் அகலம் எடுத்துவிட்டது. 12 சதுரத்தில் 11 தையல் வரும், வரிசை 54½ அங்குலம் நிற்க வேண்டும். அளந்தால் 51¾. ஒரு தையலில் கால் அங்குலம் கூடுதலாகப் போனது வரிசை முடிவில் இரண்டே முக்கால் அங்குலமாகிவிட்டது. முழுக்கப் பிரித்தேன். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் பிளாஸ்டர் ஒட்டி, துணி விளிம்பை அதோடு முட்டவைத்துத் தைத்த பிறகு வரிசைகள் ஒத்து வந்தன. இன்னொன்று, ஒரு வரிசைத் தையல்களை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்து அயன் பண்ணுங்கள். வரிசைகளை இணைக்கும்போது சந்திகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், மூலைகள் நேராக விழும்.

மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் ஒரு மாதம் போனது. ஜூலை மழையில் ஒன்பது சதுரத்தில் இரண்டு மாதிரி தைத்தேன். ஒன்றில் கிழிந்த கம்பளித் துண்டு, மற்றதில் பழைய வொயில் சேலை இரண்டு மடிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் நனைத்துப் பிழிந்து இஸ்தோப்பில் போட்டேன். சேலை வைத்தது மறுநாள் மத்தியானத்துக்குள் காய்ந்தது. கம்பளி வைத்தது மூன்றாம் நாளும் உள்ளே ஈரம், வாடையும் வந்துவிட்டது. வங்காளத்தில் காந்தா என்று பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்வார்கள், அதுவும் இதே வழிதான். அம்மாயியிடம் சொன்னதும், "பழஞ்சேலைய மடிச்சுத் தச்சுத்தானே புள்ள உங்கம்மாவ ஏணையில போட்டேன்" என்றார். ஏணை என்றால் துணித் தொட்டில். ஆக, எனக்கு முன்பே வீட்டில் செய்து பார்த்த வேலை. அவருடைய சேலை இரண்டையே நடுவுக்குத் தந்தார். சேலை ஐந்தரை மீற்றர், அதைப் பாதியாக்கிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒரு அடுக்குக்குத் தாராளம்.

காம்பரா (லயத்து அறை) தரை முழுக்கச் சதுரங்களைப் பரப்பி, வெளிர் நிறமும் அடர் நிறமும் சாய்ந்த கோடாக வருகிற மாதிரி அடுக்கினேன். அம்மாயி குனிந்து ஒன்றை எடுத்தார். பச்சைக் கட்டம் போட்டது. "இது ஒங்க மாமன் சாரம். இத தலமாட்டுல வை." மாமா போய் ஆறு வருடம். கோடு ஓரிடத்தில் உடைந்தது, அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

மேலே சதுரங்கள், நடுவில் சேலை இரண்டு, கீழே பழைய பெட்ஷீட். கால்மெஷினில் இதைச் சுருட்டித் தள்ள முடியவில்லை, கீழ்த்துணி சுருங்கிக்கொண்டே வந்தது. அதனால் மெஷின் தையலை விட்டு, நான்கு சதுரம் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் தடித்த எம்ப்ராய்டரி நூலால் முடிச்சுப் போட்டேன். மொத்தம் 165. வலது மேல் இடது, அடுத்து இடது மேல் வலது என்று போட்டால்தான் முடிச்சு அவிழாது. ஒரு இரவுக்குப் பத்துப் பதினைந்து முடியும், அதற்கு மேல் விரல் வலிக்கும்.

கரைக்கு மட்டும் புதுத் துணி வாங்கினேன், முதலில் தேய்வது கரைதான். 45 அங்குல அகலமுள்ள கறுப்பு பொப்லின் அரை யார் (18 அங்குலம்) துணியில் இரண்டரை அங்குலப் பட்டி ஏழு கிடைத்தது, சரியாகப் போதும். நீளவாக்கில் இரட்டையாக மடித்து, முன்பக்கம் மெஷினிலும் பின்பக்கம் கையாலும் தைக்கிறேன்.

தலைமாட்டுப் பக்கம் இன்னும் பாக்கி. மாமாவின் சதுரம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்து அதைத் தைக்கப்போகிறேன்.