கெண்டக்கிக் காட்டில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியோடு அணில் வேட்டை

அமெரிக்க வேட்டை என்றால் படங்களில் எப்போதும் மானும் பெரிய கொம்பும்தான் வரும். ஆனால் கெண்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்து ஆட்களிடம் சின்ன வயதில் முதலில் எதை வேட்டையாடினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் அணில் என்றுதான் பதில் வரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படித்தான் சொன்னார். கிழக்குக் கெண்டக்கியில் பிறந்து, வேலைக்காக ஒஹாயோவுக்கு வந்து கொலம்பஸிலேயே தங்கிவிட்டவர். செப்டம்பர் வந்தால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. போன முறை என்னையும் கூப்பிட்டார், அதுவும் தோட்டா போடும் துப்பாக்கியோடு இல்லை, குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் ரவையும், அதாவது சின்ன ஈயக் குண்டுகளும், போட்டு இடிக்கும் பழைய பாணி இரட்டைக்குழல் துப்பாக்கியோடு. எங்கள் ஊர் மலையடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வோமே, வேலை செய்யும் விதம் அதேதான். அந்த ஒரு காரணத்துக்காகவே உடனே சரி என்றேன்.

கொலம்பஸிலிருந்து ரூட் 23 பிடித்துத் தெற்கே போக வேண்டும். கெண்டக்கி நிலக்கரிச் சுரங்க ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வடக்கே தொழிற்சாலை வேலைக்கு ஏறி வந்த சாலை இது, இவருடைய குடும்பமும் இதில்தான் வந்திருக்கிறது. ஒஹாயோ ஆற்றங்கரையில் போர்ட்ஸ்மவுத் என்ற ஊர். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம் 1933இல் உருவானதற்கு இந்த ஊரில் நடந்த சுடும் போட்டிதான் தொடக்கம் என்று வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். ஆற்றைத் தாண்டினால் கெண்டக்கி. அங்கிருந்து மோர்ஹெட் வழியாக டேனியல் பூன் தேசியக் காடு. 1937இல் கம்பர்லேண்ட் என்ற பெயரில் தொடங்கி 1966இல் பெயர் மாறிய காடு இது.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்காக: கெண்டக்கியில் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை இலையுதிர்காலத்து அணில் வேட்டை தொடங்கும், ஒரு நாளைக்கு ஒருவருக்கு 6 அணில். 1975 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த அட்டை வைத்திருக்க வேண்டும். ஒஹாயோவில் நான் முடித்த அட்டையே இங்கும் செல்லும், வெளிமாநிலத்தார் உரிமம் மட்டும் தனியாக எடுத்தேன். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதை நினைத்தும் பார்க்க முடியாது, நம் காடுகள் இருந்த நிலைக்கு அந்தச் சட்டம் அவசியமான ஒன்று. இங்கே நிலைமை வேறு. துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது மத்திய அரசு தனி வரி வாங்குகிறது, நீளக் குழல் துப்பாக்கிகளுக்கு 11 சதவீதம். 1937 சட்டப்படி அது வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. சாம்பல் அணிலும் இந்தக் காட்டில் ஏராளம். முதுகில் கோடு கிடையாது, நம் அணிலைவிடப் பல மடங்கு பெரியது, அரைக் கிலோ வரும்.

விடிவதற்கு முன்பே காட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தியாயிற்று. மருந்து கெட்டிப்பதை அவர் அவசரமே இல்லாமல் செய்தார். முதலில் இரண்டு குழலின் பின்பக்கத்து முலைகளிலும் (தீ உள்ளே போகும் துளையுள்ள குமிழ்கள்) வெறும் கேப், அதாவது தட்டினால் வெடிக்கும் சின்னச் செம்பு மூடி, மாட்டி, குழலின் வாயைத் தரையில் கிடந்த ஒரு காய்ந்த இலைக்கு நேரே பிடித்து விசையை இழுத்தார். பட் என்ற சத்தத்தோடு இலை துள்ளி நகர்ந்தது. இலை நகர்ந்தால் வழி சுத்தம், உள்ளே எண்ணெயோ பிசுக்கோ அடைக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் மருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கரிமருந்து, குழலுக்கு 70 கிரெயின், அதாவது நாலரை கிராம். டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே கூடாது, உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் ஊற்றி, பிறகுதான் குழலில். அதன் மேல் கெட்டியான அட்டை வில்லை, அதற்கு மேல் நார்த் தக்கை, பிறகு அதே குப்பி அளவுக்கு 6ஆம் நம்பர் ரவை, சுமார் 28 கிராம், கடைசியில் ரவை கொட்டாமல் இருக்க மெல்லிய அட்டை.

ஒவ்வொன்றையும் கோலால் இடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேள் என்றார். காலிக் குழலில் இரும்புக் கோலை விட்டால் டங் என்று மணி மாதிரி ஒலிக்கும், மருந்து இருந்தால் டொக் என்று அடங்கிவிடும். இரட்டைக்குழலில் பெரிய ஆபத்தே ஒரே குழலில் இரண்டு முறை கெட்டித்துவிடுவதுதான், அதனால் அவர் கோலில் கோடு கீறி வைத்திருக்கிறார், ஆனால் கோட்டைப் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது. கேப் மட்டும் காட்டுக்குள் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு.

இந்தக் கேப் வழிக்குக் காரணமே பறவை வேட்டைதான். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியாருக்கு வாத்து வேட்டையில் ஆர்வம். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே தீ பளிச்சிடும், அதைப் பார்த்த பறவை குண்டு வருவதற்குள் தப்பிவிடும். தட்டினால் வெடிக்கும் மருந்தை வைத்து அதற்கு அவர் கண்ட வழிக்கு 1807இல் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப் அந்த வழியில் பின்னால் வந்தது.

ஒரு பெரிய ஷாக்பார்க் ஹிக்கரி மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம். பட்டை பட்டையாக உரிந்து, பனையில் காய்ந்த மட்டை தொங்குவது போல மரம் முழுக்கத் தொங்கும். செப்டம்பரில் ஹிக்கரிக் கொட்டைதான் அணிலுக்கு முதல் தீனி. இலை இன்னும் அடர்த்தியாக இருப்பதால் மேலே ஒன்றும் தெரியாது. ஆனால் அணில் கொட்டையின் தோலைக் கடித்துத் துப்பத் துப்ப, துணுக்குகள் இலைமேல் பட்டுப் பட்டுக் கீழே விழும் சத்தம் கேட்கும். காற்றில் விழும் இலைக்கு இந்தச் சத்தம் வராது, பனி சொட்டுவது வேறு மாதிரி. இடைவெளி விட்டு, ஒரே இடத்தில், சின்னச் சின்னதாக. இது பிடிபட்ட பிறகு காடே வேறு மாதிரி ஆகிவிட்டது, எந்த மரத்தில் ஆள் இருக்கிறது என்று தலையைத் தூக்காமலே தெரிகிறது. ஒரு துணுக்கைப் பொறுக்கிப் பார்த்தேன், வெட்டிய இடம் ஈரமாக, பல் தடம் இரண்டு வரிசையாகப் பளிச்சென்று இருந்தது. பழைய துணுக்கு என்றால் கறுத்திருக்கும், அந்த மரத்தடியில் உட்கார்ந்து பயனில்லை.

அவருடைய துப்பாக்கியில் வாய் குறுகல் கிடையாது, ரவை சீக்கிரம் சிதறும். 25 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்பது அவர் கட்டுப்பாடு, காயத்தோடு ஓடவிடக் கூடாது என்பதற்காக. அணிலோ நம்மைக் கண்டால் தண்டின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இவர் வைத்திருக்கும் வழி, ஒருவர் அசையாமல் இருக்க இன்னொருவர் மெதுவாக மரத்தைச் சுற்றி நடப்பது. அவர் நடந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் வால் ஒன்று தண்டைச் சுற்றி என் பக்கம் வந்தது. கேப்பைத் தட்டும் சுத்தியலான குதிரையைப் பின்னால் இழுத்து, தலைக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்தினேன். வெடிச்சத்தம் தோட்டாத் துப்பாக்கி மாதிரி சுருக்கென்று இல்லை, கனமாக, நெஞ்சில் தள்ளுகிற மாதிரி. உடனே வெள்ளைப் புகை. காற்றே இல்லாத ஈரமான காலை, புகை நகரவில்லை, மரமே மறைந்துவிட்டது. அதனால்தான் சுட்டதும் கண்ணை நம்பாதே, காதைத் தீட்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். கிளையில் நகம் பிறாண்டும் சத்தமா, தரையில் தொப்பென்ற சத்தமா? தொப்பென்றுதான் கேட்டது.

ஓடிப்போய் எடுக்கவில்லை. முதலில் சுடாத குழலின் கேப்பைக் கழற்ற வேண்டும், அந்த அதிர்ச்சியில் அதற்குள்ளிருக்கும் ரவை முன்னுக்கு நகர்ந்திருக்கிறதா என்று கோல் விட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சுட்ட குழலில் மீண்டும் மருந்து. இந்த வேலை முடிவதற்குள் காடு மறுபடி அமைதியாகி, தூரத்தில் வேறொரு மரத்தில் துணுக்கு விழ ஆரம்பித்துவிடுகிறது. வேகமான துப்பாக்கி இருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன், எனக்கு இதில் சந்தேகமில்லை.

தோலுரிப்பதற்கு அவர் வாலின் அடியில் எலும்போடு ஒரு வெட்டுப் போட்டு, வாலை மிதித்துக்கொண்டு பின்னங்கால்களை இழுத்தார், சட்டை கழல்கிற மாதிரி வந்துவிட்டது. இளசு என்றால் மாவில் புரட்டிப் பொரிப்பார்கள், முற்றியது என்றால் நெடுநேரம் வேகவைத்துக் கிரேவி, கூடவே பிஸ்கட் ரொட்டி. மூளையை அவர் தொடுவதில்லை. 1997இல் கெண்டக்கி மருத்துவர்கள் சிலர் அணில் மூளை சாப்பிட்டவர்களுக்கு வந்த மூளைநோய் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள், சந்தேகம்தான், நிரூபணமானதில்லை, ஆனாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். என் பங்கை வீட்டில் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டுக் குக்கரில் வைத்தேன். கொட்டை தின்று வளர்ந்த கறி, லேசான இனிப்பு இருக்கிறது. முயல்கறி பிடித்தவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

துப்பாக்கியை அன்று மாலையே கழுவியாக வேண்டும். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுத்துக் குழலை ராத்திரியோடு துருவேற்றும். சோப்புக் கலந்த சுடுதண்ணீர், அழுகின முட்டை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் வரும், தெளிவாகும்வரை ஊற்ற வேண்டும், துணி விட்டு உலர்த்தி எண்ணெய்.

இந்தப் பக்கம் இருப்பவர்கள், வேட்டையில் விருப்பமில்லாவிட்டாலும், இண்டியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊருக்கு ஜூனிலோ செப்டம்பரிலோ போய் வரலாம், முன்னே சொன்ன தேசியச் சங்கத்தின் போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன, மருந்து கெட்டித்துச் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எங்காவது பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் மட்டும் ஒரு விஷயம்: விசையைத் தொடுவதற்கு முன் குழலுக்குள் கோலை விட்டுப் பாருங்கள். யாரோ எப்போதோ கெட்டித்த மருந்து உள்ளே அப்படியே இருந்த துப்பாக்கிகள் நிறைய உண்டு, கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும்.