‘அலைன் ஆகிட்டோம்’ சரி, யார் செய்வது?

தொழிலுக்கென்று தனிப் பேச்சு இருக்கக்கூடாது என்று சொல்பவன் நான் அல்ல. மென்பொருள் துறையில் நெடுநாளாக இருக்கிறேன். ஏ.பி.ஐ., டி.என்.எஸ்., ரோல்பேக் போன்ற சொற்கள் இல்லாமல் எங்களால் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்க முடியாது. நடு இரவில் சர்வர் படுத்துவிட்டது. ‘ரோல்பேக் பண்ணுங்க’ என்று ஒருவர் சொல்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவர் அதற்கு விளக்கம் கேட்பதில்லை. நேற்றுவரை ஓடிய பழைய பதிப்பை மறுபடி ஏற்றுகிறார். அந்தச் சொல் ஒரு வேலையைக் குறிக்கிறது, அந்த வேலை நடக்கிறது.

எனக்கு ஆகாதவை வேறு சொற்கள். ‘இதுல அலைன் ஆகிக்கலாம்’, ‘ஆஃப்லைன்ல எடுத்துக்கலாம்’, ‘ஒரு டீப் டைவ் பண்ணிட்டு சர்க்கிள் பேக் பண்றேன்’, ‘இப்போ பேண்ட்வித் இல்ல, நெக்ஸ்ட் ஸ்பிரிண்ட்ல பார்க்கலாம்’. ஒத்துப்போகலாம், கூட்டத்துக்கு வெளியே தனியாகப் பேசலாம், ஆழமாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வருகிறேன், இப்போது நேரமில்லை, அடுத்த வேலைச் சுற்றில் பார்க்கலாம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். ஒரு மணி நேரக் கூட்டம் முழுவதும் இப்படியே போகும். எல்லோரும் தலையாட்டுவோம். எழுந்து வெளியே வரும்போது யார், எதை, எந்த நாளுக்குள் முடிக்கப்போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். சிலரிடம் பதிலே இருக்காது.

உயிர் சம்பந்தப்பட்ட தொழில்கள் இந்த விஷயத்தில் நேர்மாறாக நடந்துகொள்கின்றன. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று வானொலியில் நடந்த பேச்சு. மோதிய விமானங்களில் ஒன்றான, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் துணை விமானி ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருள்படச் சொன்னார். விமானம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கட்டுப்பாட்டு அறைக்குப் புரியவில்லை. ஓடுபாதையின் தொடக்கத்தில் காத்திருப்பதாக எடுத்துக்கொண்டு ‘ஓகே’ என்றார்கள். அந்த ‘ஓகே’க்குப் பிறகு சொல்லப்பட்டது இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. விபத்துக்குப் பின் விமானத் துறை தன் பேச்சை இறுக்கிக்கொண்டது. ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். மற்ற நேரங்களில் வேறு சொல். முக்கியமான அனுமதிக்கு ‘ஓகே’ போதாது, அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைகளிலும் இதே கதைதான். மருந்துச் சீட்டில் ‘யூனிட்’ என்பதற்குப் பதிலாக ‘யு’ (U) என்ற ஓர் ஆங்கில எழுத்தை எழுதும் பழக்கம் இருந்தது. கையெழுத்தில் அது பூஜ்யம்போலத் தெரிந்தால் 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் எழுதவே கூடாத சுருக்கங்களின் பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் அந்த ‘யு’வும் இருக்கிறது.

அலுவலகத்தில் யாரும் சாவதில்லை, இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்தவரை இழப்பு இருக்கிறது, அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் கீழ்மட்டத்தில் இருப்பவர்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் பி.ஓ.சி. வேண்டும். மேலாளர் அதை ‘ப்ரூஃப் ஆஃப் கான்செப்ட்’ என்று எடுத்துக்கொண்டு, மாதிரி ஒன்றைச் செய்து காட்டச் சொன்னார். இரண்டு பேர் அந்த வாரம் முழுக்க இரவு வெகுநேரம் உட்கார்ந்து செய்து முடித்தார்கள். வாடிக்கையாளர் கேட்டதோ ‘பாயின்ட் ஆஃப் கான்டாக்ட்’. பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும். எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு பேரும் இழந்த வாரத்தை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதவில்லை.

ஈ.ஓ.டி. இன்னும் மோசம். ‘ஈ.ஓ.டி.க்குள் அனுப்புங்கள்’ என்றால் நாள் முடிவதற்குள். யாருடைய நாள்? பத்து மணி நேர வித்தியாசத்தில் இரண்டு நாடுகளில் உட்கார்ந்திருக்கும் அணிக்கு நாள் இரண்டு முறை முடிகிறது. கேட்டவருக்கு மாலை ஆறு மணி ஆகும்போது, கோப்பை அனுப்ப வேண்டியவருக்கு விடிகாலை நான்கு. அவர் மாலையிலேயே அனுப்பிவிடுவதா, விழித்திருந்து அனுப்புவதா என்று குழம்பிக் கடைசியில் விழித்திருப்பார். ‘வியாழன் காலை பத்து மணிக்குள், உங்கள் நேரப்படி’ என்று எழுதியிருந்தால் அவர் தூங்கியிருக்கலாம். கேட்டவருக்கு மிச்சமானது நான்கைந்து சொற்கள்.

புதிதாகச் சேர்பவர்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் வருத்தம். எங்கள் அணிக்கு வந்த ஒரு பெண் சில வாரங்கள் கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் தனியாக வந்து கேட்டார்: “அண்ணா, பி.ஆர்.னா என்னண்ணா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. கேட்டா இதுகூடத் தெரியாதான்னு நினைப்பாங்களோன்னு இருக்கு.” அவர் குழம்பியதில் வியப்பில்லை. எங்களுக்கு அது புல் ரிக்வெஸ்ட், அதாவது எழுதிய நிரலைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை. கொள்முதல் பிரிவுக்குப் பர்ச்சேஸ் ரெக்விசிஷன், பொருள் வாங்கக் கேட்கும் விண்ணப்பம். விளம்பரப் பிரிவுக்குப் பப்ளிக் ரிலேஷன்ஸ், மக்கள் தொடர்பு. மூன்று பிரிவினரும் இருந்த கூட்டத்தில் மூன்று பொருளிலும் அந்தச் சொல் ஓடியிருக்கிறது. அவ்வளவு கூர்மையான பெண், பேச வேண்டிய வாரங்களில் மனதுக்குள் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் முதன்முதலாக வரும் சுருக்கத்தை நானே “விரிச்சுச் சொல்லுங்க, ப்ளீஸ்” என்று கேட்க ஆரம்பித்தேன். தெரிந்ததையும் கேட்பேன். அனுபவம் உள்ளவன் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. அந்தச் சலுகையைப் புதியவர்களுக்காகச் செலவழிப்பது என் கடமை என்றே நினைக்கிறேன்.

2010 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் ஊழியர்களுக்கு ஈலான் மஸ்க் அனுப்பிய மின்னஞ்சலிலும் இதே கவலை இருக்கிறது. கூட்டத்தில் முட்டாளாகத் தெரிய விரும்பாமல் ஆட்கள் புரியாமலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், புதியவர்களுக்கு இது மிகவும் கடினம் என்று எழுதியிருந்தார். அவர் காட்டிய உதாரணம் எனக்குப் பிடிக்கும். ‘வி.டி.எஸ்.-3’ என்று ஒரு சோதனை மேடைக்குப் பெயர். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நான்கு அசை ஆகிறது. ‘ட்ரைபாட்’ என்ற பழகிய பெயருக்கு இரண்டே அசை. சுருக்கமே நீளமாகிவிட்டது. தன் ஒப்புதல் இல்லாமல் புதிய சுருக்கம் எதுவும் நுழையக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். நேற்றுச் சேர்ந்தவருக்குப் புரியுமா என்று எழுதுபவரே ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

இவையெல்லாம் அலட்சியத்தால் வருபவை, சரிசெய்துவிடலாம். வேண்டுமென்றே மூடி வைக்கும் பேச்சு ஒன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு திட்டக் கூட்டத்தில் ‘அடுத்த குவாட்டர்ல ரெண்டு ரிசோர்ஸ் ராம்ப் டவுன்’ என்று திரையில் ஒரு வரி வந்தது. அடுத்த காலாண்டில் இரண்டு பேரைக் குறைக்கப்போகிறோம் என்பதுதான் அதன் பொருள். அந்த இருவரும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றித்தான் அந்த வரி என்று அவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பெரிய நிறுவனங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கிய சில மாதங்களில், 2014 ஜூலையில், அந்தப் பிரிவின் தலைவர் ஸ்டீஃபன் இலாப் ஊழியர்களுக்கு எழுதிய கடிதம் இன்றும் பொதுவில் படிக்கக் கிடைக்கிறது. ‘ஹலோ தேர்’ என்று தொடங்குகிறது. உத்தி, தயாரிப்புகள், சந்தை என்று பத்தி பத்தியாகப் போகிறது. கீழே வெகுதூரம் போன பிறகுதான், ஓராண்டில் சுமார் 12,500 ஊழியர்கள் குறைவார்கள் என்ற மதிப்பீடு வருகிறது. அதை முதல் வரியில் தெரிந்துகொள்ளும் உரிமை அந்த 12,500 பேருக்கும் இருந்தது. வேலை போவதை எந்தச் சொல்லாலும் இனிப்பாக்க முடியாது. நேராகச் சொன்னால் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்க அவர்களுக்குச் சில நாட்களாவது கிடைக்கும்.

அதனால் ‘ஆப்டிமைசேஷன்’, ‘ரைட்சைசிங்’, ‘ரீஅலைன்மென்ட்’ என்று ஆட்குறைப்புக்கு எந்தப் பூச்சுச் சொல் வந்தாலும் இப்போது கூட்டத்திலேயே கையைத் தூக்கி மூன்று கேள்வி கேட்கிறேன்: எத்தனை பேர், எந்த அணியிலிருந்து, எந்தத் தேதியிலிருந்து? சில சமயம் பதில் வருகிறது. ‘ஆஃப்லைன்ல பேசலாம்’ என்று வந்தால், எப்போது, யார் யார் என்று கேட்டு அந்த இடத்திலேயே நாட்காட்டியில் நேரம் குறித்துவிடுகிறேன். சம்பந்தப்பட்ட ஆட்களையும் அந்த அழைப்பில் சேர்க்கிறேன்.